தனியாக ஒரு சுற்று

வாங்க கண்ணுங்களா, இப்படிக் கிட்டத்தில் வந்து உட்காருங்கள். காலை நீட்டிக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் தாராளமாக நீட்டிக்கொள்ளலாம். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தவர்கள் யாராவது இருந்தால் போய் அணைத்துவிட்டு வாருங்கள், நடுவில் எழுந்துபோனால் எனக்குப் பேச்சு அறுந்துவிடும். இன்றைக்கு உங்களுக்குச் சொல்லப்போவது வசந்தாவின் கதை. அவள் கேட்டது பெரிய வரம் ஒன்றும் இல்லை. கோயிலை ஒரு தடவை தனியாகச் சுற்றி வரவேண்டும், அவ்வளவுதான்.

மேனாம்பேட்டில் எங்கள் தெருக்கோடியில் இருக்கிறது முத்துக்கழனி அம்மன் கோயில். ஒரு பக்கம் லேத் பட்டறை, மறுபக்கம் டியூஷன் சென்டர். அம்மனுக்கு மணி அடிக்கும்போது பட்டறையில் இரும்பு அடிக்கிற சத்தமும் சேர்ந்து வரும். எங்களுக்கு அது பழகிவிட்டது.

வசந்தாவும் அவள் வீட்டுக்காரர் பரந்தாமனும் ஆவடியில் குவாட்டர்ஸில் இருந்தவர்கள். அவர் அங்கே தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றதும் எங்கள் தெருவில் வீடு வாங்கி வந்தார்கள். வந்த கொஞ்ச நாளிலேயே வசந்தாவுக்கு முதுகுத் தண்டில் கட்டி. அதை எடுத்த பிறகு இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவில்லை. மூன்று வருஷமாகச் சக்கர நாற்காலிதான்.

பரந்தாமன் மாதிரி ஒரு மனுஷனை நான் பார்த்ததில்லை. அவளை டாக்டரிடம் தள்ளிக்கொண்டு போவார், கடைக்குத் தள்ளிக்கொண்டு போவார், கோயிலுக்கும் தள்ளிக்கொண்டு வருவார். தெருவில் எல்லோரும் அவரைக் காட்டித் தங்கள் வீட்டுக்காரர்களைத் திட்டுவார்கள். "அந்த சாரைப் பாரு, நீயும் கீறியே" என்று.

ஒருநாள் நானும் வசந்தாவும் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தோம். அவள் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"அக்கா, அம்மன்கிட்ட நான் பேசி மூணு வருஷம் ஆச்சு."

"வாராவாரம் போறியேம்மா."

"போறேன். இவர் பின்னால நிக்கிறார். கைப்பிடியை விடவே மாட்டார். அவர் மூச்சு என் உச்சந்தலையில படும். அப்படி ஒரு ஆள் நிக்கும்போது மனசுல கூட எதுவும் வரமாட்டேங்குது. சில விஷயம் தனியாத்தான் சொல்லணும். அழணும்னா கூடத் தனியாத்தான் அழணும்."

கீரையை உருவினேன்.

கோயிலைச் சுற்றி இருந்தது மண் பாதை. நடுநடுவே பழைய கடப்பாக்கல் துண்டுகள், ஒன்று மேலே, ஒன்று கீழே. நடக்கிறவர்களே பார்த்து நடக்கவேண்டிய இடம். நாற்காலியின் முன்சக்கரம் சின்னது, தெரியுமில்லையா, அது ஒரு கூழாங்கல்லில் முட்டினாலே நின்றுவிடும். பின்னால் ஆள் இல்லாமல் வசந்தா அங்கே போக வழியே இல்லை.

அப்படியிருக்கும்போதுதான் கோயில் திருப்பணி வந்தது. கோயிலுக்கு மூத்தவர் கஜபதி. இந்த ஊரின் பழைய குடும்பம். இப்போது அவருக்குத் தண்ணீர் லாரி ஓடுகிறது. குரல் பெரிது, மனசு அதற்குக் கொஞ்சம்தான் சின்னது. அவரே வசந்தா வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"இன்னாம்மா வசந்தா, கோயிலச் சுத்தி நல்லா பாதை போடப் போறோம். நடக்கறவனுக்கு எது போட்டாலும் நடந்துடுவான். உன் வண்டிக்கு எது சரிப்படும்னு நீயே வந்து சொல்லு. அப்பால யாரும் என்னைக் கொற சொல்லக் கூடாது."

வசந்தாவுக்கு அன்றைக்குத் தூக்கமே இல்லை என்று பரந்தாமன் பிறகு என்னிடம் சொன்னார்.

கல் பதிக்கிற மேஸ்திரி செல்வகுமார், காட்டுப்பாக்கத்து ஆள். கோயிலின் பின்பக்கம், மடப்பள்ளிக்கும் மதிலுக்கும் நடுவில், ஒவ்வொன்றிலும் ஒரு பாய் அளவு போட்டுக் காட்டினான். பெண் பார்க்க வந்ததுபோல எல்லோரும் சுற்றி நின்றோம்.

முதலில் ஜல்லிப் பொடி. பார்க்க அழகாக இருந்தது. வசந்தா உருட்டினாள், சக்கரம் உள்ளே இறங்கிக்கொண்டது. "இது புதைகுழிடா" என்றார் கஜபதி. அடுத்தது இன்டர்லாக் கல், பஸ் ஸ்டாண்டு ஓரமெல்லாம் பதிக்கிறார்களே அது. ஒவ்வொரு இடுக்கிலும் நாற்காலி தடதடவென்றது. வசந்தா பேசினால் குரல் நடுங்கி வந்தது, எல்லோரும் சிரித்தோம், அவளும் சிரித்தாள். அப்புறம் வீட்டு வாசலில் வண்டி ஏற்றுவதற்குப் போடுகிற பார்க்கிங் டைல்ஸ். குமிழ் குமிழாக இருக்கும். அதில் போனவள் பாதியில் நின்று, "முழங்கை வரைக்கும் கூசுது" என்றாள். வெயிலுக்குத் தேங்காய் நார்ப் பாய் விரிக்கலாம் என்று ஒருவர் சொன்னார். விரித்தார்கள். சேற்றில் உருட்டுவதுபோல அவள் மூச்சு வாங்கினாள். துடைப்பத்தால் கோடு இழுத்த சிமென்ட் தரை அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் வாசலில் பூ விற்கிற ரேகா செருப்பைக் கழற்றிவிட்டு அதில் நடந்து பார்த்து, "பித்தவெடிப்பு கீறவ ஒரு சுத்து வந்தா குதிகால் கிழிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டாள்.

கடைசியாகப் பாலிஷ் போட்ட கருங்கல். கண்ணாடிபோலப் பளபளவென்று. வசந்தா சக்கரத்தை லேசாக ஒரு தள்ளுத் தள்ளினாள். நாற்காலி சத்தமே இல்லாமல் அந்தக் கோடி வரைக்கும் போய் நின்றது. அவள் திரும்பி எங்களைப் பார்த்தாளே, அந்த முகத்தை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் அவள் அப்படித்தான் இருந்திருப்பாள்.

"இதுதான் அண்ணே" என்றாள்.

"பார்த்துக்கம்மா. அப்பால மாத்தச் சொல்லாத."

"இதேதான்."

பாலிஷ் கல் என்று முடிவானதும் உபயதாரர்கள் ஓடி வந்தார்கள். காரணம், பளபளப்பில் பேர் வெட்டினால் எடுப்பாகத் தெரியும். தரையில் பேர் போடுவது எங்கள் பக்கத்தில் பெருமை. வருகிற பக்தர்களின் பாதம் படப்படப் புண்ணியம் சேரும் என்று நம்பிக்கை. ஆனால் கருவறைக்கு நேர் எதிரில் இருக்கிற கல்லுக்கு எல்லோரும் முட்டிக்கொண்டார்கள். வாசல் குழாய்க்குப் பக்கத்துக் கல்லை எல்லோரும் வேண்டாம் என்றார்கள். கால் கழுவுகிற இடம், எப்போதும் தண்ணீர், அங்கிருந்து மேலே ஏறுகிற சரிவு வேறு.

சண்டை முற்றியதும் கஜபதி எழுந்து நின்றார். "அந்தக் குழாயடிக் கல்லு எனக்கு. எங்க அம்மா பேர அதுல வெட்டு. ஊர்ல ஒருத்தன் கால் வுடாம அவங்க மேலதான் ஏறிப் போவணும். எனக்கு அதான் வேணும்" என்றார். அதோடு எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். சரிவின் முதல் கல்லில், 'கஜபதி தாயார் கன்னியம்மாள் நினைவாக' என்று வெட்டினார்கள். அவர் தினமும் காலையில் வந்து அந்த எழுத்துக்குள் இருக்கிற மண்ணைத் துண்டு நுனியால் எடுத்துவிடுவார்.

ஆடி முதல் வெள்ளிக்கிழமை வந்தது. பரந்தாமன் கோயில் வாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தார்.

"இங்கேயே நில்லுங்க. நான் போயிட்டு வரேன்" என்றாள் வசந்தா.

"உள்ள சரிவுல மட்டும்..."

"நில்லுங்கன்னு சொன்னேன்ல."

அவர் நின்றார். இவள் குழாயடிக்குப் போனாள். இங்கேதான் கேளுங்கள். நாம் கோயிலுக்குப் போனால் காலைக் கழுவாமல் உள்ளே போவோமா. தெருவெல்லாம் உருண்டு வந்த சக்கரத்தோடு அம்மன் முன்னால் எப்படிப் போவது என்று அவளுக்குத் தோன்றியது. குவளையில் தண்ணீர் பிடித்து, பெரிய சக்கரம் இரண்டையும் மெல்லச் சுற்றிச் சுற்றிக் கழுவினாள். குனிந்து சின்னச் சக்கரத்துக்கும் ஊற்றினாள். சாமி கும்பிட வருகிற எவளும் செய்கிற காரியம்தான். ஆனால் பின்பக்கத்தில் அத்தனை கல்லைச் சோதித்துப் பார்த்தோமே, அங்கே குழாயும் இல்லை, யாரும் காலும் கழுவவில்லை. எல்லாம் காய்ந்த கல், காய்ந்த சக்கரம்.

கன்னியம்மாள் பேர் வெட்டிய கல்லில் நாற்காலி ஏறியது. அடுத்த தள்ளுக்குச் சக்கரம் சுற்றியது, நாற்காலி நகரவில்லை. இன்னும் அழுத்தித் தள்ளினாள். சக்கரத்தை அவள் இறுக்கிப் பிடித்திருக்கும்போதே அது பின்னால் வழுக்கியது. பக்கவாட்டில் திரும்பிப் போய்க் குழாய்த் திட்டில் இடித்து நின்றது. ரேகா பூக்கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து கைப்பிடியைப் பிடிக்காவிட்டால் கவிழ்ந்திருக்கும். வசந்தாவின் முழங்கையில் நன்றாகத் தோல் உரிந்துவிட்டது.

பரந்தாமன் ஓடி வந்தார். துண்டால் அவள் கையைத் துடைத்தார். பிறகு பின்னால் போய்க் கைப்பிடியைப் பிடித்தார். சரிவில் அவருக்கே கால் வழுக்கியது, மதிலைப் பிடித்துக்கொண்டு தள்ளினார். அன்றைக்கும் அவள் அம்மன் முன்னால் கண்ணை மூடி, ஒன்றும் சொல்லாமல் திறந்தாள்.

வெளியே வந்ததும் அவர் சொன்னது ஒரே வார்த்தை. "இனிமே தனியாங்கிற பேச்சு வேண்டாம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை மண்டபத்தில் எல்லோரும் கூடினோம். செல்வகுமாரையும் வரச் சொல்லியிருந்தார் கஜபதி. அவர் முகம் சரியில்லை.

"நான் அன்னிக்கே கேட்டேன். நீதானம்மா கையக் காட்டின" என்றார்.

"ஆமா அண்ணே. நான்தான் சொன்னேன்" என்றாள் வசந்தா. அவள் தேர்ந்தெடுத்த கல், அதை நம்பி ஊர் பேர் வெட்டியிருக்கிறது. எப்படி மாற்றச் சொல்வாள்.

"அவங்கள மட்டும் கேக்காதீங்க" என்று வாசலில் இருந்தே சொன்னாள் ரேகா. "தெனம் ரெண்டு பேரு அந்த எடத்துல வயுக்கறாங்க. நான் பார்த்துகினுதான் கீறேன். பேரு போட்டவங்க கோச்சிப்பாங்கன்னு யாரும் வாயத் தொறக்கல. போன வாரம் நம்ம லட்சுமணன் அண்ணன் வுயுந்து எயுந்து, யாராச்சும் பாத்தாங்களான்னு பார்த்துட்டுப் போனாரு."

லட்சுமணன் அங்கேயே உட்கார்ந்திருந்தார். "நான் வுயல. குந்தினேன்" என்றார். மண்டபமே சிரித்தது.

செல்வகுமார் வழி சொல்லிப் பார்த்தான். உளியால் மேலே கொத்துப் போடலாம், பிடிப்பு வரும். ஆனால் பேரெல்லாம் சிதைந்துபோகும். சொரசொரப்பான கறுப்பு டேப் ஒட்டலாம், தண்ணீரில் ஒரு மாதம் தாங்காது. வண்டியைக் கழுவாமல் துடைத்துக்கொண்டு வரலாமே என்றார் ஒருவர். வண்டி காய்ந்திருந்தாலும் மற்றவர்கள் காலில் இருந்து சொட்டுகிற தண்ணீர் இருக்கிறதே, ஆடி மாதத்தில் அந்தக் கல் காய்கிற நேரமே கிடையாது.

பரந்தாமன் எழுந்து நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்தார். "எதுக்குங்க இவ்வளவு பேச்சு. கல்லு அப்படியே இருக்கட்டும். நான் இருக்கேன், நான் தள்ளுறேன். இத்தனை நாள் தள்ளலையா."

எல்லோருக்கும் அது நிம்மதியாக இருந்தது. துண்டை உதறிக்கொண்டு எழ ஆரம்பித்தார்கள்.

"எனக்கு அது வேண்டாங்க" என்றாள் வசந்தா.

எழுந்தவர்கள் மறுபடியும் உட்கார்ந்தார்கள்.

"நீங்க நல்லா தள்ளுறீங்க. ஒரு தடவை கூட என்னை இடிச்சதில்ல. அதைக் குறை சொன்னா என் நாக்கு அழுகிப் போகும். ஆனா எனக்குன்னு ஒரு பேச்சு இருக்கு, அதை உங்களை வெச்சுக்கிட்டுச் சொல்ல முடியாது. உங்களைப் பத்தியும் இருக்கும், என்னைப் பத்தியும் இருக்கும். ஒரே ஒரு சுத்து. எனக்குப் பின்னால யாரும் இருக்கக் கூடாது."

பரந்தாமன் நின்ற இடத்திலேயே நின்றார். நாற்காலிக் கைப்பிடி மேல் இருந்த தன் கைகளைப் பார்த்தார். பிறகு மெதுவாக எடுத்துக்கொண்டார். எனக்குப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. பாசமாகச் செய்ததுதான் அவளுக்குச் சுவராக நின்றிருக்கிறது என்பதை ஊர் முன்னால் கேட்பது லேசா.

கஜபதிதான் கேட்டார், கேள்வி வேறு எங்கேயோ போவதுபோல.

"செல்வா, அந்தக் கல்லுக்கு அடிப்பக்கம் எப்படி கீது?"

"அடிப்பக்கம் பாலிஷ் இல்லண்ணா. மிஷின்ல அறுத்தது அறுத்தபடியே. சொரசொரன்னு கீது."

"முள்ளு மாதிரியா?"

"அவ்ளோ இல்ல. பூனை நாக்கு மாதிரி."

மீந்துபோன நீளமான கல் ஒன்று பின்பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தது. எல்லோரும் அங்கே போனோம். அதை எடுத்து, அடிப்பக்கம் மேலே வரும்படி, செங்கல் வைத்துச் சரிவாகப் போடச் சொன்னார் கஜபதி. கறுப்பாகப் பளபளத்த கல்லின் மறுபக்கம் வெளுத்த சாம்பல் நிறமாக இருந்தது. ஒரு வாளி தண்ணீரை அவரே அதன் மேல் ஊற்றினார். "வண்டிச் சக்கரத்தையும் நல்லா நனைங்கப்பா. இந்த வாட்டி ஈரத்துலயே பார்த்துடுவோம்."

ரேகா வெறுங்காலோடு ஏறி இறங்கினாள். "காலு புடிக்குது. குத்தல" என்றாள். வசந்தா ஏறினாள். சக்கரம் கரகரவென்று சின்னதாகச் சத்தம் போட்டுக்கொண்டு ஏறியது. முன்பு பாலிஷ் பக்கத்தில் போனதுபோல மிதந்து போகவில்லை, ஒவ்வொரு தள்ளுக்கும் தோளால் உழைக்க வேண்டியிருந்தது. சரிவின் நடுவில் நிறுத்திப் பிரேக்கைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். நாற்காலி அசையவில்லை.

"கஷ்டமா கீதாம்மா?"

"கஷ்டம்தான் அண்ணே. ஆனா நான் நிறுத்தினா நிக்குது."

கஜபதி தலையை ஆட்டினார். மற்றவர்களைப் பார்த்தார்.

லட்சுமணன்தான் கேட்டார். "எல்லாம் சரி கஜபதி. கவுத்துப் போட்டா பேரு மண்ணப் பாக்குமே. பாதம் படணும்னுதானே தரையில போட்டோம்? புண்ணியம் எப்படி சேரும்?"

"கல்லு மேல மிதிக்கிறான். கல்லுக்கு அடியில பேரு கீது. நடுவுல இன்னா, சுங்கச்சாவடியா கீது, புண்ணியம் நின்னு போறதுக்கு?"

"வர்றவனுக்குப் பேரு தெரியாதே."

"அம்மனுக்குத் தெரியும்ல? அவ கீழ இருந்து படிச்சிக்குவா. வர்றவனுக்கு எதுக்குடா தெரியணும், கரண்ட் பில்லு கட்டறானா எங்க அம்மா பேர்ல?" என்றவர் செல்வகுமாரின் பக்கம் திரும்பினார். குரல் கொஞ்சம் இறங்கியது. "முதல்ல எங்க அம்மா கல்லத் திருப்பு. அத்தப் பார்த்துட்டு மத்தவன் வாயத் தொறக்கட்டும்."

மறுநாள் காலையில் அந்தக் கல்லைப் பெயர்க்கும்போது அவரே வந்து நின்றார். கவிழ்ப்பதற்கு முன்னால் எழுத்துக்குள் இருந்த மண்ணைக் கடைசியாக ஒரு தடவை துண்டால் எடுத்தார். பிறகு "ம்" என்றார். சரிவில் இருந்த அத்தனை கல்லும் திரும்பின. யாரும் எதிர்க்கவில்லை, ஒருவர் மட்டும் தன் கல்லின் ஓரத்தில் முதலெழுத்தையாவது போடலாமா என்று கேட்டுப் பார்த்தார். முன்சக்கரம் மாட்டாதபடி இடுக்கெல்லாம் கல் மட்டத்துக்குக் கலவை அடைத்தான் செல்வகுமார். கருவறையைச் சுற்றிக் காய்ந்து கிடக்கிற இடத்தில் பாலிஷ் கல்லும் பேரும் அப்படியே இருக்கின்றன. எல்லாவற்றையும் மாற்றவில்லை, கதைக்காகப் பொய் சொல்லக் கூடாது.

அடுத்த வெள்ளிக்கிழமை வசந்தா வந்தாள். வாசலில் பரந்தாமன் தானாகவே நின்றுவிட்டார். அவள் சக்கரத்தைக் கழுவினாள், சரிவில் ஏறினாள். நெற்றியில் வியர்த்தது. மேலே போனதும் ஒரு நொடி மூச்சு வாங்கிவிட்டு, இடது பக்கம் திரும்பிப் போனாள். சன்னிதி மூலை அவளை மறைத்தது.

பரந்தாமனின் கைகளுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. பையில் விட்டார், வெளியே எடுத்தார், கட்டிக்கொண்டார். ரேகா பூ கட்டுகிற நாரின் ஒரு நுனியை அவரிடம் நீட்டினாள். "சும்மாத்தானே கீறே, இத்த இழுத்துப் புடி சார்." அவர் அந்த நாரை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். ரேகா தொடுத்தாள்.

மற்றவர்கள் ஒரு சுற்று முடிக்கிற நேரம் ஆகிவிட்டது. வசந்தா வரவில்லை. அவர் ஒரு காலை எடுத்து உள்ளே வைத்தார்.

"வுடு சார், வரட்டும்" என்றார் கஜபதி.

"விழுந்திருந்தா?"

"வுயுந்தா சத்தம் கேக்கும். பேசிகினு கீறா. பேசட்டும்."

பட்டறையில் இரும்பு அடிக்கிற சத்தம் கேட்டது. அதற்குள்ளே வேறு ஏதாவது கேட்கிறதா என்று நானும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன், மறைக்க மாட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. நல்லதாயிற்று.

பிறகு வலது பக்க மூலையில் சின்னச் சக்கரம் முதலில் தெரிந்தது, அப்புறம் அவள். கண் சிவந்திருந்தது, முகம் கழுவினதுபோல இருந்தது. அம்மன் முன்னால் நின்று கும்பிட்டாள். பரந்தாமன் என்ன சொன்னாய் என்று கேட்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே, "போலாமா வசந்தா?" என்றார்.

அவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள். "நீங்க ரேகா பக்கத்துல உட்காருங்க. நான் இன்னொரு சுத்து வந்துடறேன்."

திரும்பி, மறுபடியும் இடது பக்கமாகப் போனாள்.

அவ்வளவுதான் கண்ணுங்களா. உங்கள் வீட்டில் யார் தனியாகப் போக ஆசைப்பட்டாலும் அவர்கள் காலுக்கும் சக்கரத்துக்கும் பிடிப்பான வழி அமையட்டும். போனவர்கள் மனசு லேசாகி வரட்டும். வாசலில் காத்திருக்கிறவர்களுக்குப் பொறுமையும் பேச்சுத்துணையும் கிடைக்கட்டும். உங்கள் வீட்டில் ஒருவர் கையை ஒருவர் பிடிக்கத் தெரிந்திருப்பதுபோல, விடவேண்டிய நேரத்தில் விடவும் தெரிந்திருக்கட்டும். நல்லா இருங்க எல்லோரும்.